பிரதி எடுத்தல், திருப்பிக் கொடுத்தல்

1

சென்ற மூன்று மாதங்களாக நான் இரண்டு சிறிய கருவிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டும் கேம்பாய் சம்பந்தப்பட்டவை. கேம்பாய் என்பது 1989இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட, கையில் பிடித்து விளையாடும் கருவி. முப்பத்தைந்து வயதில், வங்கியில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, அவ்வப்போது கவிதை பற்றி எழுதுகிறவனுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். விளையாடுவதற்கு என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். காப்புப் பிரதி எடுப்பதற்கு என்றேன். அந்த வார்த்தைதான் பிரச்னை. அது எவ்வளவு தூரம் யோக்கியமான வார்த்தை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். கேம்பாயில் ஒவ்வொரு விளையாட்டும் ஒரு கார்ட்ரிட்ஜாக வரும். உள்ளங்கையில் அடங்குகிற தட்டையான பிளாஸ்டிக் வில்லை. கருவியின் முதுகில் செருக வேண்டும். உள்ளே விளையாட்டு எழுதப்பட்ட சில்லு ஒன்று. இது அழியாது, மாற்றவும் முடியாது. பல கார்ட்ரிட்ஜ்களில் இதோடு இன்னொரு சில்லும் உண்டு. விளையாடுகிறவன் எதுவரை வந்தான், எதையெல்லாம் சேர்த்தான் என்பதை அது ஞாபகம் வைத்திருக்கும். ஆனால் அந்த ஞாபகத்திற்கு உயிர் கொடுப்பது ஒரு நாணய வடிவப் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் ஞாபகமும் போயிற்று. விளையாட்டு அப்படியே இருக்கும்; விளையாடியவன் இருந்த அடையாளம் இருக்காது.

நான் வாங்கிய முதல் கருவி கார்ட்ரிட்ஜைக் கணினியோடு இணைத்து, இரண்டு சில்லுகளில் இருப்பதையும் படித்துக் கோப்பாக்கித் தரும். கோப்பைத் திரும்ப எழுதவும் செய்யும். இரண்டாவது கருவி பார்வைக்குக் கார்ட்ரிட்ஜ் போலவே இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு மெமரி கார்டைச் செருகி, எத்தனை விளையாட்டுக் கோப்புகளை வேண்டுமானாலும் ஏற்றி, கேம்பாயில் ஓட்டலாம். கடைக்காரர்கள் இரண்டையும் ‘பேக்கப்’ சாதனம் என்ற ஒரே பெயரால் விற்கிறார்கள். ஒன்று படிக்கிறது, மற்றது ஓட்டுகிறது. வித்தியாசம் இவ்வளவுதான் என்று வாங்கும்போது நினைத்தேன்.

என்னிடமிருந்த கார்ட்ரிட்ஜ்கள் இரண்டு. 2000 டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்திருந்தது. பெரியப்பா மகனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பத்து. தன்னுடைய பழைய கேம்பாயையும் ‘போகிமான் ப்ளூ’ கார்ட்ரிட்ஜையும் அவன் எனக்குக் கொடுத்துவிட்டான். அவனிடம் புதுக் கருவியும் ‘போகிமான் ரெட்’டும் இருந்தன. கிளம்புகிற அன்று ரெட்டையும் என்னிடம் விட்டு, “அடுத்த வருஷம் வரும்போது வாங்கிக்கிறேன்டா” என்றான். அடுத்த வருஷம் அவர்கள் வரவில்லை. 2003இல் தாத்தா வீட்டுப் பாகப்பிரிவினை நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எனவே ப்ளூ எனக்குக் கொடுக்கப்பட்டது. ரெட் என்னிடம் விட்டுவைக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை இருபத்தைந்து வருஷம் நான் யோசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் சட்டத்தைப் பார்த்தேன். வங்கிக்காரனின் புத்தி. 1957ஆம் வருட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு கணினி நிரலை முறையாகத் தன்வசம் வைத்திருப்பவன் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் அது தொலைவு, அழிவு, சேதம் ஆகியவற்றுக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பு மட்டுமே. தற்காலிகம் என்ற சொல்லைச் சட்டம் தெரிந்தேதான் போட்டிருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் 117ஆம் பிரிவு இன்னொரு நிபந்தனையை வெளிப்படையாகவே சொல்கிறது: மூலத்தை வைத்திருக்கும் நியாயம் உனக்கு என்று முடிகிறதோ, அன்றே பிரதிகளை அழித்துவிட வேண்டும். பிரதிக்குத் தனி வாழ்வு இல்லை. அது மூலத்தின் நிழல் என்பது இதன் தாத்பரியம்.

ஓட்டும் கருவிகளின் சரித்திரம் வேறு. கேம்பாயின் வாரிசாக 2004இல் வந்த டி.எஸ். கருவிக்கு இப்படிப்பட்ட சாதனங்கள் உலகமெங்கும் விற்றன. நின்டெண்டோவும் விளையாட்டு நிறுவனங்கள் பலவும் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2009 பிப்ரவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவற்றை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடை செய்தது. 2010இல் லண்டன் உயர் நீதிமன்றமும் அப்படியே தீர்ப்பளித்தது. இவற்றுக்கு நியாயமான உபயோகமும் உண்டு என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. நியாயமாகவும் பயன்படுத்த முடியும் என்பதாலேயே ஒரு கருவி நியாயமாகிவிடாது என்றார் நீதிபதி.

வழக்கில் கம்பெனி ஜெயித்ததால் கம்பெனி சொல்வது தர்மமாகிவிடாது. ஆனால் எதிர்த்தரப்பாரும் காப்புப் பிரதி என்ற வார்த்தையை முகமூடியாகப் போட்டுக்கொண்டார்கள் என்பதை மறைக்க முடியாது. முகமூடிக்குப் பின்னால் முகமே இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்குச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

3

வங்கியில் என் மேஜைக்குத் தினமும் நகல்கள் வருகின்றன. வாடிக்கையாளர் அடையாள அட்டையின் நகலைத் தருகிறார். நான் மூலத்தை வாங்கிப் பார்க்கிறேன். இரண்டையும் ஒப்பிட்டு, ‘மூலத்துடன் சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்துகிறேன். நகலின் உண்மைக்கு மூலம் சாட்சி. பதினோரு வருஷமாக இதைச் சந்தேகப்பட எனக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

கார்ட்ரிட்ஜ் விஷயத்தில் இது தலைகீழ். ரெட்டை முதல் தடவை படித்தபோது 1 மெகாபைட் கோப்பு வந்தது. அது சரிதானா என்று எப்படித் தெரியும்? மூலத்தைக் கண்ணால் பார்த்து ஒப்பிட முடியாது. மறுபடி படித்தேன், முதலில் வந்ததும் இரண்டாவது வந்ததும் ஒத்துப்போகவில்லை. செப்புப் பற்களில் அழுக்கு. பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, இன்னும் இரண்டு முறை படித்தேன். இப்போது இரண்டும் ஒன்று. அதுவும் போதாது, ஒரே பிழை இரண்டு முறையும் நேர்ந்திருக்கலாம். கடைசியில், இதே விளையாட்டைப் பிரதி எடுத்தவர்கள் தொகுத்து வைத்திருக்கும் பட்டியல் ஒன்றில், கோப்பின் மொத்த உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்ணோடு என் எண்ணை ஒப்பிட்டேன். பொருந்தியது. அதாவது என் பிரதிக்கு மற்றப் பிரதிகள் சாட்சி சொன்னதால், என் கையிலுள்ள மூலம் பழுதில்லாமல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்தது ப்ளூ. அதன் எண்ணும் பட்டியலோடு பொருந்தியது. ஆனால் பேட்டரியைப் பார்ப்பதற்காக வில்லையைத் திறந்தபோது உள்ளே நின்டெண்டோவின் பெயர் பொறித்த பலகை இல்லை. சில்லு இருக்க வேண்டிய இடத்தில் தார்ச்சொட்டு போன்ற ஒரு கறுப்புக் கட்டி. போலிக் கார்ட்ரிட்ஜ். எந்தக் கடையில் வாங்கினார்களோ, பெரியப்பாவும் அறிந்திருக்க மாட்டார். 8 மெகாபிட்டில் ஒரு பிட்கூடப் பிசகாத பொய் அது.

கேம்பாயை இயக்கியதும் நின்டெண்டோ என்ற பெயர் மேலிருந்து மெல்ல இறங்கி வருவதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அது வெறும் அலங்காரமல்ல. கார்ட்ரிட்ஜில் 48 பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும் அந்தச் சின்னத்தைக் கருவி தன்னிடமுள்ள சின்னத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே பொய்யும் உண்மையின் பெயரைத் தன் உடம்பில் எழுதிக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். என் ப்ளூ இருபத்தைந்து வருஷங்களாக அந்தப் பெயரைச் சொல்லி என்னை ஏமாற்றியதா? ஏமாற்றியது என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நான் விளையாடியது அதே விளையாட்டைத்தான்.

வால்டர் பெஞ்சமின் 1936இல், இயந்திரப் பிரதிகளின் காலத்தில் கலைப்படைப்பு இழப்பது அதன் ஒளிவட்டத்தை என்று எழுதினார். அந்தக் கட்டுரையைக் கல்லூரியில் ஆங்கிலம் படித்த நாட்களில் பக்தியோடு படித்தேன். ஆனால் இங்கே அது அரைவாசிதான் பொருந்துகிறது. ரெட், ப்ளூ விளையாட்டுகளுக்கு ஒளிவட்டம் எப்போதும் இருந்ததில்லை. கடையில் விற்ற ஒவ்வொரு கார்ட்ரிட்ஜும் பிறக்கும்போதே பிரதிதான். ஒரே ஒரு பிரதியாக உள்ளே இருந்தது வேறொன்று. பேட்டரியின் தயவில் உயிர்வாழும் 32 கிலோபைட் ஞாபகம். விளையாட்டைச் செய்தவர்கள் யாரோ. அந்த 32 கிலோபைட்டை எழுதியது விளையாடிய பையன்.

ப்ளூவின் பேட்டரி செத்திருந்தது. படித்தபோது அர்த்தமற்ற எண்கள் வந்தன. பத்து வயதில் நான் எழுதியது எதுவும் மிச்சமில்லை. ரெட்டின் பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தது.

என் நிலைமையைச் சட்டத்தின் வார்த்தைகளில் வைத்தால் அபத்தமாக இருக்கிறது. முறைப்படி எனக்குக் கொடுக்கப்பட்ட ப்ளூ போலி. ஆகவே பிரதி எடுக்க எனக்கு உரிமையில்லை. உண்மையான ரெட் என்னுடையதல்ல. அதையும் பிரதி எடுக்க எனக்கு உரிமையில்லை.

4

இந்த இடத்தில் நண்பர் ஒருவரின் ஆட்சேபத்தைச் சொல்ல வேண்டும். நல்ல கவிஞர், கோபக்காரர். உரிமை, உரிமை என்று எதற்கு அலட்டிக்கொள்கிறாய் என்றார். பிரதி எடுப்பவன்தான் காப்பாற்றுகிறான். விற்பவன் லாபம் நின்றதும் கைவிட்டுவிடுகிறான். அவர் கையில் ஆதாரமும் இருந்தது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதே 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன்னுடைய 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான கடைகளை மூடியது. ஆய்வாளர்கள் நூலகங்களிலிருந்து தொலைவிலிருந்தபடியே பழைய விளையாட்டுகளைப் பார்க்க அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்தது. பிறகு எவன் காப்பாற்றுவான் என்று நண்பர் கேட்டார்.

நியாயமான கேள்வி. அது நம்மையும் சேர்த்தே கேட்கிறது. இதைப் படிக்கும் சிலநூறு பேரில், நின்றுபோன சிற்றேடுகளையும் மறுபதிப்பு காணாத தொகுதிகளையும் ஜெராக்ஸில் படிக்காதவர் உண்டா? நான் எழுத வந்ததே அப்படிப்பட்ட மங்கிய பக்கங்களால்தான். அந்தக் கவிகளுக்கு நான் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. அந்த ஜெராக்ஸ்கள் இல்லாவிட்டால் அவர்கள் எனக்கு இருந்திருக்கவே மாட்டார்கள். ஆகவே பிரதி எடுத்தல் திருட்டு என்று கம்பெனிக் குரலில் பேச எனக்கு யோக்கியதை கிடையாது.

ஆனால் நண்பர் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. அதை இரண்டாவது கருவி எனக்குக் காட்டியது. அதைச் சோதிக்கிறேன் என்ற பெயரில் ஒரு ராத்திரி கேம்பாயின் விளையாட்டுகளை எல்லாம் இறக்கினேன். அத்தனையும் மெமரி கார்டின் ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. ஒவ்வொன்றையும் திறந்தேன், இரண்டு நிமிஷம் பார்த்தேன், மூடினேன். விடியும்போது எந்த ஒன்றையும் நான் விளையாடியிருக்கவில்லை. காப்பாற்றுகிறேன் என்ற எண்ணம்கூட அந்த இரவில் என்னிடம் இல்லை. இருந்தது ஆசை மட்டுமே. அந்தக் குவியலில் பாதி பழுதாகியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ரெட்டில் ஒரு பைட் பிசகியதற்காக நான்கு தடவை துடைத்துப் படித்தவன்தான் நான்.

காத்தலையும் குவித்தலையும் பிரிக்கிற கோடு உரிமைச் சட்டத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எது கெட்டால் உனக்குத் தெரியுமோ, எதை நீ அடிக்கடி எடுத்துச் சரிபார்க்கிறாயோ, அதைத்தான் நீ காக்கிறாய். மற்றதெல்லாம் உன்னிடம் கிடக்கிறது, அவ்வளவுதான். நம் அலமாரிகளிலுள்ள ஜெராக்ஸ் கட்டுகளுக்கும் இது பொருந்தும். தமாஷ் என்னவென்றால், காப்பாற்ற வந்த இந்த இரண்டாவது கருவிக்குள்ளும் ஒரு பேட்டரி இருக்கிறது. அதையும் யாராவது ஒருவன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

5

இதோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை முடிந்திருக்கும். பொறுப்புள்ள பிரதி நல்லது, பொறுப்பற்றது கெட்டது. ஆனால் ரெட்டின் 32 கிலோபைட்டை இரண்டாவது கருவியில் ஏற்றி ஓட்டிப் பார்த்தபோது இந்த முடிவு போதாமல் போயிற்று.

போகிமானை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் சதோஷி தாஜிரி. சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். அவருடைய விளையாட்டில் 150 ஜந்துக்களைப் பிடித்துச் சேர்க்க வேண்டும். 1996இல் ஜப்பானில் முதலில் வந்தபோதே அதை இரண்டு வகைக் கார்ட்ரிட்ஜ்களாக வெளியிட்டார்கள். ஒன்றிலுள்ள சில ஜந்துக்கள் மற்றதில் கிடைக்கா. ஆகவே தனியாக விளையாடுகிறவனுக்குத் தொகுப்பு பூர்த்தியாகாது. இரண்டு கருவிகளைக் கம்பியால் இணைத்துக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். இன்னும் சூட்சுமமான ஏற்பாடுகளும் உண்டு. நான்கு ஜந்துக்கள் கைமாறினால் மட்டுமே தம் கடைசி வடிவத்தை அடையும். கைமாறிய ஜந்துவில் அதை முதலில் பிடித்தவன் பெயர் எழுதப்பட்டே இருக்கும். பெற்றவன் அதற்கு வேறு பெயர் சூட்ட முடியாது. மார்செல் மாஸ் 1925இல் கொடை பற்றி எழுதியபோது, கொடுத்த பொருளில் கொடுத்தவன் ஏதோ ஒரு வகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று தொல்சமூகங்கள் நம்பியதைக் காட்டினார். குழந்தைகள் விளையாட்டில் அது கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாகவே இருக்கிறது.

அந்த டிசம்பரில் நான் ‘ஹான்டர்’ என்ற ஜந்துவை அவனுக்கு அனுப்பினேன். கம்பி வழியாகப் போனதும் அவன் திரையில் அது ‘ஜெங்கார்’ ஆக மாறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னிடம் இருந்தவரை அது அப்படி ஆகியிருக்க முடியாது. ஆனபோது அது என்னிடம் இல்லை. சரியான நொடியில் ஒரு கருவியை அணைத்துவிட்டால் ஜந்து இரண்டு பக்கமும் தங்கிவிடும் என்று ஒரு தந்திரம் உண்டு. அவன் பள்ளிப் பையன்கள் எல்லோருக்கும் அது தெரியுமாம். அதைச் செய்யலாமே என்று கெஞ்சினேன். அவன் மறுத்தான். “ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா அது குடுத்தது ஆகாதுடா” என்றான்.

பன்னிரண்டு வயதுப் பையன் சொன்னதற்கு மேல் இந்தப் பிரச்னையில் சொல்ல எனக்கு அதிகமில்லை. பிரதி இழப்பை ரத்துசெய்கிறது. அதுதான் அதன் மகிமை. ஆனால் கொடுத்தலுக்கு இழப்பு வேண்டும். கொடுத்த பிறகும் குறையாத கை எதையும் கொடுக்கவில்லை, பரப்பியிருக்கிறது. கவிதையைப் பரப்பலாம், அறிவைப் பரப்பலாம். அவை பரவுவதற்கென்றே உள்ளவை. ஆனால் மனிதர்களுக்கிடையில் பரப்ப முடியாத, கொடுக்கவோ திருப்பிக் கொடுக்கவோ மட்டுமே கூடிய விஷயங்கள் இருக்கின்றன. ஒரு பொருள் எல்லோரிடமும் இருக்கலாம் என்று ஆனவுடன் யாரும் யாருக்கும் கடன்படுவதில்லை. கடன்படாத மனிதர்களிடையே என்ன உறவு மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் வீட்டைத் துல்லியமாகப் பாதியாக்கினார்கள். யாரும் யாருக்கும் பாக்கியில்லை. அதோடு போக்குவரத்தும் நின்றது.

திரையில் அவன் பெயர், அவன் விளையாடிய மணிக்கணக்கு, அவன் சேர்த்தவை எல்லாம் வந்தன. ஜெங்கார் இருந்தது. அதன் கீழே என் பெயரும் இருந்தது. என் கார்ட்ரிட்ஜில் நான் முழுக்க அழிந்துபோய், அவனுடையதில், அவனுக்குக் கொடுத்ததில் மட்டும் மிஞ்சியிருக்கிறேன். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அவனுடைய கார்ட்ரிட்ஜில் ஒரு ஜெங்கார். என் கருவியில் ஒரு ஜெங்கார். அவன் அன்று செய்ய மறுத்த தந்திரத்தை, சுங்கவரி கட்டி வாங்கிய கருவியைக் கொண்டு நான் செய்து முடித்திருந்தேன்.

ரெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பேட்டரி எந்நேரமும் தீரலாம் என்பதால் வங்கிக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் பையனிடம் கொடுத்து மாற்றினேன். பழைய பேட்டரியைப் பற்றவைப்பிலிருந்து எடுத்த கணம் அவன் 2000இல் எழுதியது அழிந்தது. பிறகு என் கோப்பிலிருந்து அதைத் திரும்ப எழுதினேன். படித்து ஒப்பிட்டேன், ஒரு பைட்கூட வித்தியாசமில்லை. இருந்தாலும் இப்போது அதற்குள் இருப்பது பிரதி. மூலத்துடன் சரிபார்க்கப்பட்டது என்று நான் முத்திரை குத்தலாம். மூலம்தான் எங்கும் இல்லை.

சிங்கப்பூர் போகிற உறவுக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். பேட்டரி மாற்றியிருக்கிறேன் என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்தேன். அது போதுமான உண்மையா என்று தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து, “கிடைத்தது” என்று ஒற்றை வார்த்தையில் செய்தி வந்தது. இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

சட்டத்தின் கணக்குப்படியும் அவன் கணக்குப்படியும் நான் அந்தக் கோப்பை அன்றே அழித்திருக்க வேண்டும். இரவு பகலாகச் சேர்த்த மற்ற விளையாட்டுகளையெல்லாம் அழித்துவிட்டேன். அதில் கஷ்டம் எதுவும் இருக்கவில்லை. இந்த 32 கிலோபைட் மட்டும் இருக்கிறது. ஒருவேளை அவனுடையது கெட்டுப்போனால் உதவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். காப்புப் பிரதி என்ற வார்த்தையை எல்லோரும் உபயோகிப்பது போலவே நானும் உபயோகிக்கிறேன். அது இருக்கும்வரை அவனிடம் வாங்கியதை நான் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.